ஆவாரையும் கடுக்காயும் அறிந்த கைகள்

(வடக்கனந்தலில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோல் பதனிடுவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் முகம் சுளித்திருக்கலாம். நெல்லைப் பற்றிப் பேசக் கூட்டம் போடுகிறோம். மூலிகையைப் பற்றிப் பேச, கல்வெட்டைப் பற்றிப் பேசக்கூடப் போடுகிறோம். ஓர் ஆட்டுத்தோல் எப்படிச் செருப்பாகிறது, பையாகிறது என்று பேச நம் ஊர்களில் யாரும் மேடை போட்டதில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை மறைக்காமல் பேசத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன், அந்த வேலைக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். அறிவின் அளவு தெரிந்தால்தான் அதை எவ்வளவு கேவலமாக நடத்தினோம் என்பது உறைக்கும்.

இதைப் பேச வடக்கனந்தல் பொருத்தமான ஊர். மேற்கே கல்வராயன் மலை. அங்கே கடுக்காய் மரங்கள். மார்கழி தொடங்கி மாசி வரை மலையாளிப் பழங்குடி மக்கள் காய் பொறுக்கி, உலர்த்தி, விற்கிறார்கள். கீழே வந்தால் செம்மண் மேட்டிலும் புறம்போக்கிலும் ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடித்து வருகிறோமே, அதே ஆவாரை. வாய்க்கால் ஓரத்தில் புங்க மரம். சந்தையில் சுண்ணாம்பும் உப்பும். அடுப்படியில் தவிடும் மஞ்சளும். ஓர் ஆட்டுத்தோலை வீட்டுக் கொல்லையிலேயே பதனிட இதற்கு மேல் எந்தப் பொருளும் தேவையில்லை. வெளியூரிலிருந்து வாங்கிவர வேண்டியது ஒன்றுகூட இல்லை.

தோல் ஏன் அழுகுகிறது, பதனிட்ட தோல் ஏன் அழுகுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உரித்த தோலில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே மயிரும் மேல்தோலும். அடியில் கொழுப்பும் சதையும். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய தோல். அது கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. புரி மேல் புரியாய் முறுக்கிய கயிறு போல அதன் இழைகள் பின்னிக் கிடக்கின்றன. இழைகளுக்கு நடுவே நிறைய நீர் இருக்கிறது. உரித்ததை அப்படியே விட்டால் ஒரே பகலில் நாறத் தொடங்கும், நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கிவிடும். வெயிலில் காயப்போட்டால் நாற்றம் நிற்கும். ஆனால் நீர் போன இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போகும். மறுபடி நனைந்தால் மறுபடி அழுகும். பதனிட்ட தோலோ காய்ந்தாலும் மடங்கும், நனைந்தாலும் கெடாது. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது பட்டையிலும் காயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள். வேதியியலில் அதை டானின் என்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு கடுக்காய்த் துண்டைக் கடித்துப் பாருங்கள். நாக்கு இழுத்துப் பிடிக்கும், வாய் வறளும். எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்வதால் அப்படி ஆகிறது. தொட்டியில் ஊறும் தோலிலும் நடப்பது அதுவேதான். இழைகளுக்கு நடுவே நீர் இருந்த இடத்தில் டானின் புகுந்து, அக்கம்பக்கத்து இழைகளைப் பிணைத்து நிலைத்துவிடுகிறது. அப்புறம் நுண்ணுயிரின் பல் அதில் எளிதில் இறங்காது. பச்சைத் தோலை வெந்நீரில் இட்டால் சுமார் 60 பாகை செல்சியஸ் சூட்டிலேயே சுருண்டுவிடும். பட்டையில் பதனிட்ட தோல் 75, 80 பாகை வரை தாங்கும்.

1803-ஆம் ஆண்டு லண்டனில் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய வேதியியலாளர் இந்தத் துவர்ப்புப் பொருள்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் முக்கியமானது, நம் பாட்டிமார் வெற்றிலையோடு போட்டுக்கொண்ட காசுக்கட்டி. பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பலேறிப் போன காசுக்கட்டியைக் கரைத்து அளந்து, அங்கே தோல் பதனிடப் பயன்பட்ட ஓக் பட்டையைவிட அதில் டானின் பல மடங்கு என்று கண்டார். ஆய்வுக்கூடம் பெயர் வைத்தது 200 ஆண்டுகளுக்கு முன்புதான். எந்தப் பட்டையில் துவர்ப்பு எவ்வளவு, எது தோலுக்குள் வேகமாக இறங்கும், எது நிறத்தைக் கெடுக்கும் என்ற அறிவு அதற்கு மிக முன்பே நம் ஊர்க் கொல்லைகளில் கைப்பழக்கமாக இருந்தது. ஆவாரம்பட்டையில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு டானின். கொட்டை நீக்கிய கடுக்காயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கான்பூர்ப் பக்கம் கருவேலம்பட்டையைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டுக்கு ஆவாரை. தோலுக்குள் விரைவாக இறங்கி, வெளிர்நிறமும் மென்மையும் தரும் பட்டை அது.

இனி செய்முறைக்கு வருவோம். முதலில் இரண்டு எச்சரிக்கைகள். திடீரென்று செத்து விழுந்த கால்நடையின் தோலைத் தொடாதீர்கள். அடைப்பான் நோய் என்று நாம் சொல்லும் ஆந்த்ராக்ஸ் தோல் வழியாக மனிதனுக்குத் தொற்றும். அதன் வித்துகள் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். உரிக்கவும் கூடாது, கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, மான், காட்டுப்பூனை, உடும்பு என்று எந்தக் காட்டு விலங்கின் தோலும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மலையடிவாரத்தில் வாழும் நாம் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கறிக்கடையில் கழிக்கும் ஆட்டுத்தோல் நமக்குப் போதும். சில ஆண்டுகளாக ஆட்டுத்தோலின் விலை விழுந்து, பக்ரீத் சமயத்தில்கூட வாங்க ஆளில்லாமல் பல ஊர்களில் குழியில் போடுகிறார்கள். ஓர் உயிர் தந்த பொருளை மண்ணில் புதைப்பதைவிட மதித்துப் பயன்படுத்துவது மேல்.

ஒரு கிலோ எடையுள்ள ஆட்டுத்தோல் என்று வைத்துக்கொள்வோம். அன்றே வேலையைத் தொடங்கினால் உப்பு வேண்டாம். நாள் கடத்த வேண்டுமானால் சதைப்புறம் மேலாக விரித்து, நான்கு மணி நேரத்துக்குள் 400 கிராம் கல்லுப்பைப் பொடித்துத் தேய்த்துவிட வேண்டும். உப்பிட்ட தோலைத் தொடங்கும்போது உப்பை முதலில் உதறித் தனியே எடுத்துவிடுங்கள். நீரில் கரைந்த உப்பு கிணற்றுக்குள் போனால் திரும்பி வராது. பிறகு நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு முறை நீர் மாற்றினால் தோல் உரித்தபோது இருந்த மென்மைக்குத் திரும்பும்.

அடுத்தது சுண்ணாம்பு. 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பை ஐந்து லிட்டர் நீரில் கலக்கித் தோலை அதில் மூழ்கவிட வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. நாளுக்கு இரண்டு முறை தோலைப் புரட்டிவிட்டால் மூன்று முதல் ஐந்து நாளில் கட்டைவிரலால் தள்ளினாலே மயிர் கழன்றுவரும். அப்போது வழவழப்பான உருட்டுக் கட்டையின் மேல் போர்த்தி, மழுங்கிய கத்தியால் ஒருபுறம் மயிரையும் மறுபுறம் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுக்க வேண்டும். கை அனுபவம் எல்லாம் இந்த இடத்தில்தான் தெரியும். அழுத்தம் கூடினால் தோல் கிழியும். குறைந்தால் கொழுப்பு தங்கிவிடும், அந்த இடத்தில் பட்டைச் சாறு இறங்காது.

சுண்ணாம்பு உள்ளே இருக்கும்வரை பட்டை வேலை செய்யாது, அதை வெளியேற்றியாக வேண்டும். அதற்குத்தான் தவிடு. இரண்டு கை தவிட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஓரிரு நாள் புளிக்கவிட்டால் மென்மையான அமிலங்கள் உண்டாகும். அலசிய தோலை அதில் ஓர் இரவு வைத்தால் சுண்ணாம்பு கரைந்து வெளியேறும். முழுதும் போய்விட்டதா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கழுத்துப் பக்கம், தோல் தடித்த இடத்தில், சிறு துண்டு வெட்டி, வெட்டுவாயில் மஞ்சள்தூளைத் தேய்த்துப் பாருங்கள். சிவந்தால் சுண்ணாம்பு மிச்சம். மஞ்சளாகவே இருந்தால் போய்விட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆலம் கரைக்கும் எந்தத் தாயும் அறிவார். அமிலம், காரம் என்று எட்டாம் வகுப்பில் படிக்கும் பாடம் இதுதான்.

அப்புறம் ஆவாரை. உலர்த்தி இடித்த பட்டை, தோலின் எடைக்கு ஒன்றரைப் பங்கு வேண்டும். இரும்பு வாளி ஆகாது. மண் தொட்டியோ பிளாஸ்டிக் வாளியோ போதும். பட்டை முழுவதையும் முதல் நாளே கொட்டிவிடக் கூடாது. முதல் இரண்டு நாள் மிக இளஞ்சாறு. பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் இறுகி வாசலை அடைத்துவிடும். நடுப்பகுதி பச்சையாகவே கிடந்து பிற்பாடு அழுகும். நாள்தோறும் தோலைப் புரட்டிவிட வேண்டும். ஆட்டுத்தோலுக்கு 12 முதல் 15 நாள் ஆகும். மாட்டுத்தோலுக்கு ஒரு மாதத்துக்கு மேலாகும். அதனால்தான் மாட்டுத்தோலைப் பையாகத் தைத்து, உள்ளே பட்டையும் சாறும் நிரப்பிக் கட்டித் தொங்கவிடும் முறையைக் கிராமங்களில் கண்டுபிடித்தார்கள். சாறு தன் எடையாலேயே தோலின் ஊடே கசிந்து இறங்கும். கீழே வடிந்ததை மறுபடி மேலே ஊற்றுவார்கள். வெட்டிப் பார்க்கையில் நடுவில் வெள்ளைக் கோடு இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் தோல் பதத்துக்கு வந்துவிட்டது.

கடைசியில் கடுக்காய். கொட்டை நீக்கிப் பொடித்த கால் கிலோ கடுக்காயை ஊறவைத்த நீரில் இரண்டு நாள். ஆவாரையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அதைத் தடுத்து இளமஞ்சளாக நிறுத்தும். இது நிறத்தோடு முடியும் விஷயமும் அல்ல. பழைய நூல்களின் தோலட்டைகள் ஏன் செந்தூளாக உதிர்கின்றன என்று லண்டன் கலைகள் சங்கத்தின் குழு ஆராய்ந்து 1905-இல் அறிக்கை தந்தது. ஆவாரை வகையைச் சேர்ந்த டானின் காலப்போக்கில் கெடும், கடுக்காய் வகை டானின் நீண்டு உழைக்கும் என்பது அந்த வகை ஆய்வுகளால் தெளிவானது. ஆவாரைக்குப் பின் கடுக்காய் என்ற வரிசையை நம்மவர்கள் காரணம் தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

ஈரம் இருக்கும்போதே 50 மில்லி புங்க எண்ணெயை இருபுறமும் தேய்த்து நிழலில் தொங்கவிட வேண்டும். நீர் வெளியேற வெளியேற எண்ணெய் உள்ளே இறங்கும். முழுதும் காயுமுன் எடுத்து நான்கு பக்கமும் இழுத்து, மரச்சட்டத்தின் விளிம்பில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால் மென்மை வரும். இரும்பு கூடாது என்றேன் அல்லவா? இரும்பும் டானினும் சேர்ந்தால் கருமை பிறக்கும். கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்த்துத்தான் பழைய காலத்தில் எழுதும் மை செய்தார்கள். செருப்புத் தோலைக் கருக்க வேண்டுமென்று நினைத்தவர்கள் அதே வேதிவினையை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். ஒரே பொருள் ஒரு கட்டத்தில் பகை, இன்னொரு கட்டத்தில் துணை. இதை அறிந்தவர்களைப் படிக்காதவர்கள் என்றோம்.

இந்த ஆவாரை முறை உலகச் சந்தைக்கும் போனது. 1840-களில் புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா என்பவர் பழைய முறையைத் திருத்திப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியதாக இத்தொழிலின் வரலாற்றில் சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் பதனிட்ட அரைப்பதத் தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் லண்டனுக்குப் போய், அங்கே மெருகேற்றப்பட்டு விற்கப்பட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது இந்தத் தோல். போர்க்காலத்தில் அரசே மொத்தமாக வாங்கிக்கொண்டது. இன்று ‘இ.ஐ. லெதர்’ தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள். புறம்போக்கில் பூத்த ஆவாரையை உரித்து உலர்த்தி மண்டிக்குச் சுமந்த கூலிப் பெண்களின் உழைப்பு அந்தக் குறியீட்டுக்குள் இருக்கிறது. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

பிறகு குரோமியம் வந்தது. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னை மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றி 1904-இல் தனி நூலே எழுதியவர். அவர் மனத்தில் இருந்த தேவைகளில் ஒன்று நம் உழவர்கள் கிணற்றில் நீர் இறைத்த கவலை. மாடு கட்டி இறைத்த காலத்தில் சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட குழாய் இருக்கும், மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நாளெல்லாம் நனைந்து நனைந்து அது சீக்கிரம் இற்றுப்போகும். குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும் என்பதால் அதைப் பரப்ப முயன்றார். பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனி வந்து, அந்த இடமே குரோம்பேட்டை ஆனது. விடுதலைக்குப் பின் 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா ஆய்வுக்கூட அறிவைத் தொழிலாளியின் கைக்குக் கொண்டுபோக உழைத்தவர். 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையும் செருப்பையும் ஏற்றுமதி செய்யும் கொள்கை வந்தது. பட்டைக்கு வாரக்கணக்கு, குரோமுக்கு ஓரிரு நாள். இன்று உலகத்தில் பதனிடும் தோலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குரோம் தோல்.

அந்த வேகத்துக்குப் பாலாறு விலை கொடுத்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் கிணறுகள் உப்பேறின, நிலங்கள் தரிசாயின. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தந்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. அதற்குப் பின்னும் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுக் குழம்புத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் மூழ்கி இறந்தார்கள். பட்டை முறை மட்டும் தூய்மையானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் தோலைச் சேர்த்து ஊறவைத்தால் சுண்ணாம்பும் உப்பும் பட்டைச் சாறும் எந்த ஆற்றையும் கெடுக்கும். குரோமியமும் சேர்ந்தபோது கேடு இன்னும் ஆழமானது, அவ்வளவுதான். ஆகவே நான் பேசுவது ஒரு வீட்டில், ஒரு பள்ளியில், ஓரிரு தோல் அளவுக்கான அறிவைப் பற்றி. அதற்கு மேல் போனால் அது தொழிற்சாலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் நடத்தக்கூடாது. ஓரிரு தோலானாலும் கழிவுநீர் கோமுகி ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக்கூடாது. கிணற்றிலிருந்து தள்ளி ஒரு குழி எடுத்து, சுண்ணாம்பு நீரைத் தெளியவிட்டு, மயிரையும் வழித்த சதையையும் பட்டைச் சக்கையோடு சேர்த்து மக்கவிடுங்கள்.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். இவ்வளவு நுட்பமான வேலையைப் பற்றிப் பேச நாம் ஏன் மேடை போடவில்லை? அதைச் செய்தவர்கள் அருந்ததியரும் பறையரும் என்பதால். ஊரில் மாடு செத்தால் அவர்கள் வந்து தூக்க வேண்டும். வருகிறாயா என்று யாரும் கேட்டதில்லை. அது கட்டளை. உரித்து, பதனிட்டு, கவலைக்கும் வண்டிக்கும் கலப்பைக்கும் வார் தைத்துக் கொடுக்க வேண்டும். கூலி, அறுவடைக் களத்தில் ஊரார் அளந்து போடும் தவசம். செய்த செருப்பை ஊர்த்தெருவில் அவர்களே போட்டு நடக்க முடியாது. அவர்கள் தைத்த தோல்சாலில் ஏறி வந்த தண்ணீர் ஊராரின் வயலுக்குப் பாயும். அந்தக் கிணற்றில் இறங்கிக் குடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. நாற்றம் தோலில் இருந்ததைவிட நம் மனத்தில் அதிகம் இருந்தது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் பட்ட பாட்டை டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களின் கால்களை அதில் பார்க்கலாம். இங்குள்ள ஒவ்வொரு மாணவரும் அதைப் படிக்க வேண்டும்.

காந்தி 1934-இல் ‘ஹரிஜன்’ இதழில் கிராமத்துத் தோல் பதனிடுதலை மீட்க வேண்டும் என்று எழுதினார். நாட்டின் செல்வம் வீணாகிறது, இந்தத் தொழிலை மதிப்போடு செய்யலாம் என்பது அவர் கருத்து. அம்பேத்கர் அதற்கு முன்பே, 1927-இல் மகாடில், செத்த கால்நடை தொடர்பான இழிதொழில்களைக் கைவிடுங்கள் என்று தம் மக்களை அழைத்திருந்தார். இருவர் சொன்னதையும் எடைபோட்டு நான் வந்து நிற்கும் முடிவு இது: அம்பேத்கர் சொன்னது முதலில் நடக்க வேண்டும். விட்டுவிடும் உரிமை இல்லாத வேலைக்கு எந்தப் புகழுரையும் மதிப்பைத் தராது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைச் சங்கிலியில் பிணைத்து அடித்தார்கள். வேலையைச் சுமத்தியதும் இந்தச் சமூகம், அதைச் செய்ததற்காக அடித்ததும் இந்தச் சமூகம். அந்த ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் செத்த கால்நடையை அப்புறப்படுத்தக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இங்கே யாராவது இன்னும் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றால், அது வழக்கம் அல்ல, குற்றம் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே இந்தத் தொழிலை மறுபடி அருந்ததியர், பறையர் வாழும் தெருவுக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும், விரும்பியதைச் செய்யட்டும். நான் கேட்பது நம்மைப் போன்ற மற்றவர்களிடம். இந்த அறிவை எல்லாத் தெருப் பிள்ளைகளும் கற்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் எல்லோர் கையும் நனைய வேண்டும். ஒரு வேலையை எல்லோரும் கற்கும் நாளில்தான் அதன்மேல் பூசிய தீட்டு கழியும்.

அதற்கு நம்மால் இங்கேயே செய்யக்கூடியவை உண்டு. உள்ளங்கை அகலத் தோல் துண்டுகளைக் கொண்டு ஒரு பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே முழுப் பாடமும் நடத்தலாம். சுண்ணாம்பு வேலையை ஆசிரியர் முடித்துக் கொடுத்துவிட்டால், தவிட்டு நீரும் மஞ்சள் சோதனையும் ஆவாரைச் சாறும் மாணவர்கள் கையில். கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும் போட்டு மை செய்து அந்த மையாலேயே செய்முறைக் குறிப்பை எழுதட்டும். ஆசிரியர்கள் கேட்டால் அடையாற்று ஆராய்ச்சி நிறுவனத்திடம் வழிகாட்டல் பெறலாம்.

இந்தக் கைப்பழக்கம் உள்ள முதியவர்கள் சுற்றுவட்டார ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பறைக்குத் தோல் தேர்ந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பறைத்தோல் பட்டையில் போடாத தோல் என்பதும், பட்டையில் போட்ட தோல் அதிராது என்பதும் அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூல் எழுதிய பிறகுதான் கச்சேரிக்குப் போகிற பலருக்கு அந்தக் கைகள் இருப்பதே தெரிந்தது. நம் முதியவர்களிடம், அவர்கள் விரும்பினால், போய்க் கேட்போம். ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆசிரியருக்கு உரிய ஊதியம் தந்து கற்போம். அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் பெயரைப் போட்டே பதிவு செய்வோம்.

மலையிலிருந்து வரும் கடுக்காய்க்கு நியாயமான விலை வேண்டும். கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகிர்தாரர்களின் பிடியில் இருந்தவர்கள். அவர்கள் பொறுக்கும் காய்க்கு விலை வைக்கும் அதிகாரம் இன்றும் பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. இதே கடுக்காயும் வேலம்பட்டையும் சாராய ஊறலுக்குப் போகும் பொருளாகவே வெளியுலகத்துக்குத் தெரிந்திருக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன துயரத்தை நாம் மறக்கவில்லை. மலைக்காரர் என்றாலே ஊறல் என்று சந்தேகப்படும் கண் அதன்பின் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. மருந்துக்கும், சாயத்துக்கும், சுண்ணாம்புச் சாந்துக்கும், தோலுக்கும் உரிய காய் அது என்று நாம் அறிந்து வாங்கினால் மலைக்கு அது நேர்மையான வருமானம்.

ஆவாரையைப் பிடுங்காதீர்கள். தண்டை அடியோடு ஒட்ட அறுத்துப் பட்டை உரித்தால் மழைக்கு மறுபடி துளிர்க்கும். வேரோடு போனால் போனதுதான். அந்நாளில் ஆவாரம்பட்டை போதாமல் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டையை இறக்குமதி செய்தார்கள், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அந்த மரத்தையே நட்டார்கள். இன்று அது மலைப் புல்வெளிகளைத் தின்று பரவி, அதை அகற்றப் பாடுபடுகிறோம். நம் மண்ணில் தானே விளையும் செடியைக் காக்காமல் விட்டதற்கு மலைகள் தந்த விலை அது. வரப்பிலும் பள்ளி வேலியிலும் ஆவாரை விதையைப் போடுங்கள்.

தாய்மார்களே, மகளிர் குழுவில் இதைத் தொடங்க நினைத்தால் சிறியதாகத் தொடங்குங்கள். ஓர் ஆட்டுத்தோலிலிருந்து ஒரு பணப்பையும் நோட்டு அட்டையும் கத்தி உறையும் செருப்பு வாரும் வரும். சந்தையில் ரெக்ஸின் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் இரண்டு ஆண்டில் உரிந்துவிடும். உங்கள் தோல் எண்ணெய் போடப் போட உழைக்கும். வருமானத்தைப் பற்றிப் பெரிய வாக்குறுதி எதுவும் நான் தரமாட்டேன். முதல் ஆண்டு கற்பதற்கே சரியாகப் போகும்.

மாணவச் செல்வங்களே, அடுத்த கடுக்காய்ப் பருவத்துக்குள் உங்கள் பள்ளியில் முதல் தோல் துண்டு ஆவாரைச் சாற்றில் ஊற வேண்டும். அதைப் புரட்டிவிடும் முறை எந்தத் தெருப் பிள்ளைக்கும் விலக்கு இல்லாமல் வர வேண்டும். ஆசிரியர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இன்றைக்கே அவர்களிடம் நாள் கேளுங்கள்.